30 நாள் கணக்கு எந்தப் பேப்பரில் தொடங்குகிறது? கருத்துக் கேட்புக் கூட்ட அறிவிப்பு பற்றி ஊர்க்காரர்களுக்கும் உள்ளூர் நிருபர்களுக்கும் ஒரு முழுமையான வழிகாட்டி

ஒரு கல்யாண மண்டபத்தில் கல் குவாரிக்கான கருத்துக் கேட்புக் கூட்டம். திட்டத்துக்குச் சுற்றுச்சூழல் அனுமதி தரும் முன் ஊர் மக்களிடம் கருத்துக் கேட்கும் கூட்டம் அது. நான் அப்போது ஒரு நாளிதழுக்குப் பகுதி நேர நிருபர். மைக் கைக்கு வந்ததும் வயதான ஓர் அம்மா குவாரியைப் பற்றி எதுவும் கேட்கவில்லை. "இந்தக் கூட்டம் இருக்குன்னு எந்தப் பேப்பர்ல போட்டீங்க சார்?" என்றுதான் கேட்டார். மேடையில் இருந்த அதிகாரி கோப்பைத் திறந்து, கத்தரித்து ஒட்டியிருந்த விளம்பரத்தைத் தூக்கிக் காட்டினார். எங்கள் பேப்பர்தான். தேதியும் சரியாக இருந்தது. அந்த அம்மா உட்கார்ந்துவிட்டார்.

அன்று இரவு வீட்டில் நான் சேர்த்து வைத்திருந்த பழைய பேப்பர்களைப் புரட்டினேன். அதே தேதி, அதே பக்கம். அந்த இடத்தில் ஒரு ஜவுளிக்கடை விளம்பரம் இருந்தது. அறிவிப்பு வந்தது வேறொரு நகரத்துப் பதிப்பில். எங்கள் ஊருக்கு வருவது இன்னொரு பதிப்பு. அந்தப் பேப்பரின் நிருபரான எனக்கே கூட்டத்துக்கு இரண்டு நாள் முன்புதான் விஷயம் தெரியும். அந்த அம்மாவுக்கு எப்படித் தெரிந்திருக்கும்?

அன்றிலிருந்து இந்த அறிவிப்புகளைத் தேடிப் படிப்பதையும், ஊர்க்காரர்களுக்குப் படித்துச் சொல்வதையும் ஒரு வேலையாகவே வைத்திருக்கிறேன். அதில் கற்றதைத்தான் இங்கே வரிசையாக எழுதுகிறேன். முதல் பாதி ஊர்க்காரர்களுக்கு. அடுத்தது என்னைப் போன்ற உள்ளூர் நிருபர்களுக்கும், செய்திப் பிரிவில் உட்கார்ந்திருப்பவர்களுக்கும்.

சட்டத்தில் என்ன இருக்கிறது

சுற்றுச்சூழல் (பாதுகாப்பு) சட்டம் 1986-இன் கீழ் மத்திய அரசு 2006 செப்டம்பர் 14 அன்று ஓர் அறிவிக்கை வெளியிட்டது. அதற்குச் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கை என்று பெயர். எஸ்.ஓ. 1533 என்ற எண்ணைக் கூட்ட அறிவிப்புகளில் பார்க்கலாம். கருத்துக் கேட்புக் கூட்டத்தை எப்படி நடத்த வேண்டும் என்பதெல்லாம் அதன் 4-ஆம் பின்னிணைப்பில் இருக்கிறது. அதை ஒருமுறை அச்செடுத்து வைத்துக்கொள்ளுங்கள், சில பக்கங்கள்தான்.

சாரம் இதுதான். நிறுவனம், திட்டத்தால் வரும் சுற்றுச்சூழல் பாதிப்பு பற்றிய வரைவு அறிக்கையோடு மாநில மாசுக் கட்டுப்பாடு வாரியத்துக்குக் கடிதம் கொடுக்கும். வாரியத்தின் உறுப்பினர் செயலர் 7 நாளுக்குள் தேதி, நேரம், இடம் மூன்றையும் முடிவு செய்ய வேண்டும். அதை ஒரு பெரிய தேசிய நாளிதழிலும், மாநில மொழி நாளிதழ் ஒன்றிலும் விளம்பரமாகக் கொடுக்க வேண்டும். மக்களுக்குக் குறைந்தது 30 நாள் அவகாசம் தர வேண்டும். கடிதம் வந்த நாளிலிருந்து 45 நாளுக்குள் கூட்டம் முடிந்துவிட வேண்டும். 7 நாளையும் 30 நாளையும் கூட்டினால் 37. மிச்சம் இருப்பது 8 நாள்தான். அதனால் கடைசி நேரத்தில் அவசர அவசரமாக விளம்பரம் கொடுக்கும் பழக்கம் ஏன் வருகிறது என்பது புரியும்.

இதில் நான் மறுபடி மறுபடி சொல்லும் ஒரு விஷயம் இருக்கிறது. இந்தியாவில் இந்தக் கூட்டம் சட்டத்தில் ஏறியது 1997 ஏப்ரலில். அந்த விதியில் "திட்டம் அமையும் பகுதியைச் சுற்றிப் பரவலாக விற்பனையாகும்" குறைந்தது இரண்டு நாளிதழ்கள் என்ற பொருளில் இருந்தது. அவற்றில் ஒன்று அந்த வட்டாரத்து மொழியில் இருக்க வேண்டும் என்றும் இருந்தது. 2006-இல் எழுதியபோது சுற்றுவட்டாரம் என்ற அந்தச் சொல் போய்விட்டது. தேசிய நாளிதழ் ஒன்று, மாநில மொழி நாளிதழ் ஒன்று, அவ்வளவுதான். எந்தப் பதிப்பு, அந்த ஊருக்கு அந்தப் பேப்பர் வருகிறதா என்பது பற்றி அப்போது எழுதிய விதியில் ஒரு வரியும் இல்லை. எங்கள் மண்டபத்தில் நடந்தது அந்த ஒரு சொல் போனதன் விளைவு.

2009 டிசம்பரில் ஒரு திருத்தம் வந்தது. நாளிதழ் போகாத இடங்களில் பறையடித்தும், வானொலி, தொலைக்காட்சி வழியாகவும் மக்களுக்குத் தெரிவிக்க வேண்டும் என்று சேர்த்தார்கள். தமிழ்நாட்டில் தண்டோரா போடும் வழக்கத்தையே நிறுத்தச் சொல்லி 2022 ஆகஸ்டில் தலைமைச் செயலாளர் எல்லா ஆட்சியர்களுக்கும் எழுதினார். ஒலிபெருக்கி கட்டிய வண்டியில் சொல்லலாமே என்பது அதன் சாரம். சரியான முடிவு. ஒரு சமூகத்தாரின் கழுத்தில் மட்டும் அந்த வேலையை மாட்டியிருந்தது கேவலம். ஆனால் தண்டோரா நின்ற இடத்தில் ஒலிபெருக்கி வண்டி வந்ததா என்பதை ஒவ்வொரு ஊரும் கேட்டுப் பார்க்க வேண்டும்.

முதல் படி: உங்கள் ஊர்த் திட்டத்துக்குக் கூட்டம் உண்டா?

எல்லாத் திட்டங்களுக்கும் கூட்டம் கிடையாது. திட்டங்களை அளவையும் பாதிப்பையும் வைத்து ஏ, பி1, பி2 என்று பிரித்திருக்கிறார்கள். ஏ பிரிவு, பி1 பிரிவு ஆகியவற்றுக்குப் பொதுவாக உண்டு. பி2 பிரிவுக்கு இல்லை. கட்டடம், டவுன்ஷிப் போன்றவற்றுக்கும், புதிதாக நிலம் எடுக்காத சாலை விரிவாக்கத்துக்கும், ராணுவம் சார்ந்தவற்றுக்கும் விலக்கு இருக்கிறது. பிரிவை மாற்றினாலே கூட்டம் காணாமல் போய்விடும். 2020 ஜனவரியில் எண்ணெய், எரிவாயு ஆய்வுக் கிணறுகளை பி2-வுக்கு மாற்றியபோது டெல்டாவில் அவ்வளவு கோபம் எழுந்தது இதனால்தான்.

தமிழ்நாட்டுக் கிராமங்களில் கல் குவாரிகளுக்கு இந்தக் கூட்டங்கள் அதிகம் நடக்கின்றன. ஒரு குவாரி 5 ஹெக்டேருக்குக் குறைவாக இருந்தாலும், பக்கத்துக் குவாரிகளையும் சேர்த்து 5 ஹெக்டேரைத் தாண்டினால் கூட்டம் வேண்டும். 'கிளஸ்டர்' என்று அறிவிப்பில் போட்டிருப்பது இதைத்தான்.

திட்டம் எந்தப் பிரிவு என்பதை மத்திய அரசின் பரிவேஷ் இணையதளத்தில் பார்க்கலாம். உங்கள் தாலுகா பெயரில் ஒரு விண்ணப்பம் அங்கே ஏறி, ஆய்வு வரையறையும் (அறிக்கைக்காக எதையெல்லாம் ஆராய வேண்டும் என்ற பட்டியல்) கொடுத்துவிட்டார்கள் என்றால், கூட்ட அறிவிப்பு வரப்போகிறது என்று பொருள். அதிலிருந்து தினமும் பேப்பரைப் புரட்ட வேண்டியதுதான்.

இரண்டாம் படி: அறிவிப்பைப் பிடிப்பது

இது முதல் பக்கத்தில் வராது. டெண்டர் அறிவிப்பு, கோர்ட் நோட்டீஸ், பெயர் மாற்றம் எல்லாம் வரும் உள்பக்கத்தில் சின்னக் கட்டமாக வரும். மேலே வாரியத்தின் பெயரும் அதன் கீழே 'பொதுமக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம்' என்பதும் இருக்கும். விளம்பரத்துக்குச் சதுர சென்டிமீட்டர் கணக்கில் காசு என்பதால் எழுத்து பொடியாக இருக்கும். கண்ணாடி இல்லாமல் படிக்கவே முடியாத அறிவிப்புகளை நிறையப் பார்த்திருக்கிறேன்.

எந்தத் தமிழ்ப் பேப்பரில் வரும் என்று முன்கூட்டியே சொல்ல முடியாது. அதனால் ஒருவரே எல்லாவற்றையும் பார்ப்பது நடக்காத காரியம். எங்கள் பகுதியில் இப்படிச் செய்தோம்: டீக்கடைக்கு வரும் பேப்பர் ஒருவர் பொறுப்பு, கிளை நூலகத்துக்கு வருபவை இன்னொருவர் பொறுப்பு, ஆங்கிலப் பேப்பர் கல்லூரியில் படிக்கும் ஒரு தம்பியின் பொறுப்பு. கண்ணில் பட்டால் படம் எடுத்து வாட்ஸ்அப் குழுவில் போட வேண்டும். ஐந்து நிமிட வேலை. இதோடு வாரியத்தின் இணையதளத்தில் கருத்துக் கேட்புக் கூட்டங்களுக்கான பக்கத்தையும் வாரம் ஒருமுறை பாருங்கள். சுருக்க அறிக்கைகளும் அங்கேதான் ஏறும்.

பேப்பர் ஏஜென்டிடம் ஒரு கேள்வி கேட்டு வையுங்கள்: "நம்ம ஊருக்கு எந்தப் பதிப்புண்ணே வருது?" மாவட்ட எல்லையில் இருக்கும் ஊர்களுக்குப் பக்கத்து மாவட்டப் பதிப்பு வருவது சகஜம். பேப்பரின் கடைசிப் பக்கத்தின் அடியில், அச்சிட்டவர், வெளியிட்டவர், அச்சான இடம் என்று ஒரு வரி இருக்கும். அதைப் பார்த்தால் எங்கே அச்சானது என்பது தெரிந்துவிடும்.

மூன்றாம் படி: வரிவரியாகப் படிப்பது

அறிவிப்பின் தமிழ் படிக்கிறவரை மிரட்டும். ஏறக்குறைய இப்படி இருக்கும்: "மெசர்ஸ் இன்னார் நிறுவனத்தாரின் உத்தேச சாதாரண கற்கள் மற்றும் கிராவல் குவாரி, பரப்பு 4.85.0 ஹெக்டேர், பட்டா நிலம், புல எண்கள் 112/1ஏ, 112/2பி…" இதில் நான்கைந்து இடங்களை மட்டும் நிறுத்தி நிதானமாகப் பாருங்கள்.

புல எண்தான் உயிர். ஊர்ப் பெயரை வைத்து முடிவுக்கு வராதீர்கள். வருவாய் கிராமத்தின் பெயர் ஒன்றாக இருக்கும், ஜனங்கள் கூப்பிடும் பெயர் வேறாக இருக்கும். தமிழ்நாடு அரசின் நில ஆவண இணையதளத்தில் அந்தப் புல எண்ணைப் போட்டால் அது பட்டாவா, புறம்போக்கா என்பது தெரியும். புலப்படமும் கிடைக்கும். அதை எடுத்துக்கொண்டு வி.ஏ.ஓ.விடம் போய், "இது எங்க சார் வருது, ஏரிக்கு அந்தப் பக்கமா இந்தப் பக்கமா?" என்று கேட்டால் பாதி விஷயம் தெளிவாகிவிடும்.

அடுத்து பரப்பு. 4.85.0 என்பது 4 ஹெக்டேர் 85 ஏர். ஒரு ஹெக்டேர் சுமார் 2.47 ஏக்கர். ஆக, இது ஏறத்தாழ 12 ஏக்கர். ஊரில் ஹெக்டேர் என்று சொன்னால் யாருக்கும் மனதில் பதியாது. 12 ஏக்கர் என்று சொல்லுங்கள், "அடேங்கப்பா" என்பார்கள்.

அப்புறம் கூட்டம் நடக்கும் இடம். திட்டம் அமையும் இடத்திலோ அதற்கு மிக அருகிலோ நடத்த வேண்டும் என்பது விதி. 25 கிலோமீட்டர் தள்ளித் தாலுகா தலைநகரில் போட்டிருந்தால், கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்பது வரை எழுதி ஆட்சேபம் கொடுக்கலாம். இரண்டு மாவட்டங்களில் பரவிய திட்டம் என்றால் மாவட்டத்துக்கு ஒரு கூட்டம் வேண்டும்.

கடைசியாக, அறிக்கையை எங்கே பார்க்கலாம் என்ற பட்டியல். இதை அறிவிப்பிலேயே சொல்லியாக வேண்டும். ஆட்சியர் அலுவலகம், மாவட்டத் தொழில் மையம், ஊராட்சி ஒன்றிய அலுவலகம், ஊராட்சி அலுவலகம், வாரியத்தின் மாவட்ட அலுவலகம் போன்றவை இருக்கும்.

நான்காம் படி: நாளை எண்ணுவது

அறிவிப்பு வந்த தேதியைக் கணக்கில் சேர்க்காமல் மறுநாளிலிருந்து எண்ணுங்கள். ஜூன் 3-ஆம் தேதி பேப்பரில் வந்து, ஜூன் 28-இல் கூட்டம் என்றால் 25 நாள்தான். விதி மீறல். தமிழ்ப் பேப்பரில் ஒரு நாளும் ஆங்கிலப் பேப்பரில் வேறு நாளும் வந்திருந்தால் பிந்தி வந்ததிலிருந்து எண்ணுங்கள். இரண்டிலும் வெளியான பிறகுதான் அறிவிப்பு முழுமையாகிறது என்று வாதிடலாம்.

விளம்பரம் வந்ததோடு விஷயம் முடிவதில்லை. கோவா சுரங்கம் ஒன்றைப் பற்றிய உத்கர்ஷ் மண்டல் வழக்கில் டெல்லி உயர் நீதிமன்றம் 2009 நவம்பரில் சொன்ன தீர்ப்பைக் குறித்துக்கொள்ளுங்கள். சுருக்க அறிக்கையும் கூட்டத்துக்கு 30 நாள் முன்பே மக்கள் கைக்குக் கிடைக்க வேண்டும் என்றது நீதிமன்றம். நியாயம்தானே. அறிக்கையைப் பார்க்காமல் எதைப் பற்றிக் கருத்துச் சொல்வது?

இந்த 30 நாளைக் குறைக்கும் முயற்சியும் நடந்தது. 2020-இல் வெளியான புதிய அறிவிக்கையின் வரைவில் அது 20 நாளாக இருந்தது. அந்த வரைவையே முதலில் ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டும்தான் போட்டார்கள். அரசியலமைப்பின் எட்டாம் அட்டவணையில் உள்ள 22 மொழிகளிலும் பெயர்க்கச் சொல்லி டெல்லி உயர் நீதிமன்றம் உத்தரவிட வேண்டி வந்தது. அந்த வரைவு இறுதியாகாமல் நின்றது. 30 நாள் இன்னும் இருக்கிறது, அதைக் கையில் பிடித்துக்கொள்ளுங்கள்.

ஐந்தாம் படி: பத்திரப்படுத்துவது

விளம்பரத்தை மட்டும் கத்தரித்து வைக்காதீர்கள். எங்கள் மண்டபத்தில் அதிகாரி காட்டியது அப்படிக் கத்தரித்த துண்டு. அதில் பதிப்பு எது என்று இல்லை. முழுப் பேப்பரையும் வையுங்கள். முதல் பக்கத் தலைப்பு, தேதி, பக்க எண், கடைசிப் பக்கத்து அச்சக வரி எல்லாம் வேண்டும். உங்கள் ஊர்ப் பதிப்பில் அறிவிப்பு வரவில்லை என்றால் வராத அந்தப் பேப்பரும் ஆதாரம்தான்; அதையும் சேர்த்து வையுங்கள். பழைய பேப்பர் கடைக்கு எடைக்குப் போவதற்கு முன் நூலகரிடம் ஒரு வார்த்தை சொல்லி வைத்தால் எடுத்து வைப்பார்.

ஒரு நாற்பது பக்க நோட்டு போட்டுத் தேதி எழுதுங்கள். எந்த அலுவலகத்துக்கு எப்போது போனோம், அறிக்கை இருந்ததா, யார் என்ன பதில் சொன்னார். "நேத்துதான் வந்துச்சு, இன்னும் பிரிக்கலை" என்று ஓர் அலுவலகத்தில் சொன்னதை ஒரு விவசாயி தேதி போட்டு எழுதி வைத்திருந்தார். கூட்டத்தில் அவர் அந்தப் பக்கத்தைப் படித்தபோது மேடையில் யாராலும் மறுக்க முடியவில்லை.

ஆறாம் படி: பிழை இருந்தால்

பிழையைக் கையில் வைத்துக்கொண்டு கூட்டத்தன்று வெடிக்கலாம் என்று நினைப்பவர்கள் உண்டு. வேண்டாம். தெரிந்த அன்றே எழுதுங்கள். மாவட்ட ஆட்சியருக்கு ஒன்று, வாரியத்தின் உறுப்பினர் செயலருக்கு ஒன்று, வாரியத்தின் மாவட்டச் சுற்றுச்சூழல் பொறியாளருக்கு ஒன்று. நேரில் கொடுத்தால் நகலில் முத்திரையும் தேதியும் வாங்குங்கள். தூரம் என்றால் ஸ்பீட் போஸ்ட். மனு நீளமாக வேண்டாம். இப்படி இருந்தால் போதும்:

"எங்கள் ஊராட்சியில் புல எண் …… இல் அமையவுள்ள குவாரிக்கான கருத்துக் கேட்புக் கூட்டம் …… அன்று நடப்பதாக …… நாளிதழின் …… பதிப்பில் …… தேதியில் அறிவிப்பு வந்துள்ளது. எங்கள் ஊருக்கு வருவது …… பதிப்பு. அதில் அறிவிப்பு வரவில்லை. அந்த நாளிதழை இணைத்துள்ளோம். 2006 அறிவிக்கையின் 4-ஆம் பின்னிணைப்புப்படி 30 நாள் அவகாசம் எங்களுக்குக் கிடைக்கவில்லை. எனவே எங்கள் பகுதிக்கு வரும் பதிப்பில் புதிதாக அறிவிப்பு வெளியிட்டு, அதிலிருந்து 30 நாள் கழித்துக் கூட்டம் நடத்த வேண்டுகிறோம்."

கையெழுத்துப் போடுகிறவர்களின் முகவரியும் இருக்கட்டும். கிராம சபை அந்த நேரத்தில் கூடினால் இதையே தீர்மானமாகப் போடுங்கள். விளம்பரம் எந்தெந்தப் பதிப்புக்குக் கொடுக்கப்பட்டது, எந்தத் தேதியில், நிறுவனத்தின் கடிதம் வாரியத்துக்கு எப்போது வந்தது என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்திலும் கேளுங்கள். 10 ரூபாய்க்குக் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டினால் போதும். ஆனால் பதிலுக்கு 30 நாள் ஆகும் என்பதால் கூட்டத்துக்கு முன் கைக்கு வராமல் போகலாம். பிறகு தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்துக்குப் போகும்போது உதவும்.

கூட்டத்தைத் தள்ளி வைப்பதென்றால் அதற்கும் விதி உண்டு. எதிர்பாராத அவசர நிலை இருந்தால் மட்டும், ஆட்சியரின் பரிந்துரையின் பேரில்தான் தள்ளி வைக்கலாம். அதை அதே நாளிதழ்களில் அறிவிக்க வேண்டும், புதிய தேதிக்கு மறுபடி முழு அறிவிப்பும் வேண்டும். திருவள்ளூர் மாவட்டம் காட்டுப்பள்ளி துறைமுக விரிவாக்கத்துக்கு 2021 ஜனவரி 22 அன்று நடக்கவிருந்த கூட்டம் தள்ளிப் போனது. 2023 செப்டம்பர் 5 என்று மறுபடி குறித்த தேதியிலும் நடக்கவில்லை. இப்படி இழுக்கும்போது ஊரில் பாதிப் பேர் அலுத்துப் போய்விடுவார்கள். நோட்டில் தேதி எழுதுகிறவர் மட்டும் அலுத்துப் போகக் கூடாது.

இனி பேப்பர்காரர்களுக்கு

ஒன்றை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். வாரியம் கொடுக்கும் விளம்பரத்தைப் பணம் வாங்கிக்கொண்டு போடுவதோடு ஒரு நாளிதழின் சட்டக் கடமை முடிந்துவிடுகிறது. அதைச் செய்தியாகவும் போட வேண்டும் என்று எந்தச் சட்டமும் கட்டாயப்படுத்தவில்லை. ஆனால் சட்டம் ஒரு காரணத்துக்காகத்தான் நாளிதழைத் தேர்ந்தெடுத்திருக்கிறது. ஊருக்குள் சேதியைக் கொண்டுபோகும் வேலை பேப்பர்காரர்களுடையது என்று நம்பித்தான் அந்த 30 நாளை நம் கையில் கொடுத்திருக்கிறார்கள். நம் பேப்பரில் வந்தது என்று ஓர் அதிகாரி மேடையில் தூக்கிக் காட்டும்போது அங்கே நம் பெயர்தான் சாட்சியாக நிற்கிறது. அந்தச் சாட்சி உண்மையாக இருக்க வேண்டாமா?

சென்னை மெரினா கடலில் பேனா நினைவுச் சின்னத்துக்கு 2023 ஜனவரி 31 அன்று கலைவாணர் அரங்கில் இதே மாதிரி கூட்டம்தான் நடந்தது. எல்லாத் தொலைக்காட்சியும் அங்கே இருந்தது. ஒரு மலையடிவாரத்துக் கல் குவாரிக் கூட்டத்துக்கு யார் வருவார்கள்? அந்த மாவட்டப் பக்கத்தைப் பார்க்கும் நிருபர் வந்தால்தான் உண்டு.

அறிவிப்பு ஏன் நிருபருக்குத் தெரியாமல் போகிறது என்பதிலிருந்து தொடங்குவோம். விளம்பரம் தலைமை அலுவலகத்தின் விளம்பரப் பிரிவுக்குப் போகிறது. அங்கே பக்கத்தில் இடம் ஒதுக்கி, எந்தப் பதிப்பில் என்று முடிவாகி, அச்சுக்குப் போய்விடுகிறது. செய்திப் பிரிவு வேறு மாடியில் இருக்கிறது. மாவட்ட நிருபர் காலையில் பேப்பரைப் பிரிக்கும்போது மற்றவர்களைப் போலத்தான் பார்க்கிறார். அதுவும் அவர் பதிப்பில் வந்திருந்தால். இதைச் சரிசெய்யச் செலவே இல்லை. கருத்துக் கேட்பு, நில எடுப்பு போன்ற அறிவிப்புகளின் நகல் அந்தந்த மாவட்டச் செய்தியாளருக்கு அன்று மாலையே போக வேண்டும் என்று ஆசிரியர் ஒரு வரி உத்தரவு போட்டால் போதும்.

பதிப்பு விஷயத்திலும் விளம்பரப் பிரிவு ஒரு கேள்வி கேட்கலாம். புல எண் எந்தத் தாலுகா என்று அறிவிப்பிலேயே இருக்கிறது. அந்தத் தாலுகாவுக்குப் போகாத பதிப்புக்கு விளம்பரம் வந்தால், "இது அங்கே போகாதே, இந்தப் பதிப்புக்கு மாற்றட்டுமா?" என்று கொடுத்தவரைக் கேளுங்கள். தன் பேப்பர் எந்த ஊர் வரை போகிறது என்பது பேப்பர்காரருக்குத் தெரிந்த அளவு வேறு யாருக்கும் தெரியாது.

சரி, செய்தியாக எழுதுவது எப்படி? விளம்பரத்தின் தமிழை அப்படியே திருப்பிப் போடாதீர்கள். நான் இப்போது எழுதினால் இப்படித்தான் எழுதுவேன்:

"…… ஊராட்சியில் பெரிய ஏரிக்கு வடக்கே 12 ஏக்கரில் (புல எண் 112/1ஏ, 112/2பி) கல் குவாரி அமைக்க அனுமதி கேட்டுள்ளனர். பக்கத்துக் குவாரிகளையும் சேர்த்தால் பரப்பு 5 ஹெக்டேரைத் தாண்டுவதால், ஊர் மக்களின் கருத்தைக் கேட்ட பிறகே அனுமதி பற்றி முடிவெடுக்க முடியும். கூட்டம் …… தேதி …… கிழமை காலை 11 மணிக்கு …… மண்டபத்தில் நடக்கிறது. யார் வேண்டுமானாலும் பேசலாம். நேரில் வர முடியாதவர்கள் எழுதியும் அனுப்பலாம். தமிழில் உள்ள சுருக்க அறிக்கையை …… அலுவலகத்தில் அலுவலக நேரத்தில் பார்க்கலாம்."

புல எண்ணை விட்டுவிடாதீர்கள் என்று கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். இடமில்லை என்று உதவி ஆசிரியர் முதலில் வெட்டுவது அதைத்தான். ஆனால் தன் கிணற்றுக்குப் பக்கத்து எண் பேப்பரில் வந்திருப்பதைப் பார்த்துத்தான் ஒரு விவசாயி நிமிர்ந்து உட்காருவார்.

இந்தச் செய்தி ஒருமுறை வந்தால் போதாது. அறிவிப்பு வந்த மறுநாள் ஒன்று. பத்துப் பதினைந்து நாள் கழித்து, சொன்ன அலுவலகங்களில் அறிக்கை உண்மையிலேயே இருக்கிறதா என்று நேரில் போய்ப் பார்த்து ஒன்று. இது நல்ல செய்தி, யாரும் எழுதுவதில்லை. கூட்டத்தன்று காலை 'இன்றைய நிகழ்ச்சி' பகுதியில் இரண்டு வரி. நான்காவதாகக் கூட்டத்துச் செய்தி. அதில் யார் சத்தம் போட்டார்கள் என்பதை விட, என்ன கேட்டார்கள், நிறுவனம் என்ன பதில் சொன்னது என்பதை எழுதுங்கள். அந்தப் பதில்தான் பின்னால் நிபந்தனையாக மாறும்.

குவாரிக்காரர் தீபாவளிக்கு வாழ்த்து விளம்பரம் தருபவராக இருக்கலாம். பகுதி நேர நிருபர்களில் பலருக்கு விளம்பரம் பிடித்துக் கொடுத்தால்தான் கையில் காசு என்பது எனக்குத் தெரியும், நானும் அப்படி இருந்தவன்தான். எதிர்த்து எழுதச் சொல்லவில்லை. கூட்டம் இருக்கிறது, இந்தத் தேதி, இந்த இடம் என்று எழுதுவதில் யாருக்கும் சாதகமும் இல்லை, பாதகமும் இல்லை. அதையே எழுத முடியாத நிலை என்றால் ஆசிரியரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள், உங்கள் பெயரைப் போடாமல் அவர் வெளியிடலாம்.

கூட்டத்து நாள்

ஆட்சியரோ, கூடுதல் மாவட்ட நடுவர் நிலைக்குக் குறையாத அவருடைய பிரதிநிதியோ தலைமை வகிக்க வேண்டும். முழுவதும் வீடியோ எடுக்க வேண்டும். குறைந்தபட்சம் இத்தனை பேர் என்ற கணக்கு கிடையாது. பத்துப் பேர் வந்தாலும் கூட்டம் செல்லும். அறிவிப்பு போய்ச் சேராத ஊருக்கு இது எவ்வளவு பெரிய ஆபத்து என்று யோசித்துப் பாருங்கள்.

அறிவிப்பில் குறை இருந்தால் பேசும்போது முதலில் அதைச் சொல்லுங்கள், பதிவாகட்டும். பேசியதை எழுத்திலும் கொடுங்கள். முடிவில் நடந்தவற்றின் சுருக்கத்தைத் தமிழில் வாசித்துக் காட்ட வேண்டும், அன்றே கையெழுத்தாக வேண்டும். கலைந்து போகாமல் இருந்து கேளுங்கள். நீங்கள் சொன்னது விட்டுப் போயிருந்தால் அங்கேயே எழுந்து சொல்லலாம்.

நாற்காலியை மட்டும் தூக்காதீர்கள். உள்ளூர் மக்கள் சுதந்திரமாகக் கருத்துச் சொல்ல முடியாத நிலை இருக்கிறது என்று நடத்துகிறவர்கள் அறிக்கை கொடுத்தால், கூட்டமே இல்லாமல் மேற்கொண்டு போகலாம் என்று முடிவெடுக்க 2006 அறிவிக்கையில் வழி இருக்கிறது. ரகளை யாருக்கு உதவும் என்பது இதிலேயே தெரிகிறது.

அதற்குப் பிறகு

8 நாளுக்குள் வாரியம் நடவடிக்கைக் குறிப்பை அனுமதி தரும் அமைப்புக்கு அனுப்பும். அந்தக் குறிப்பை ஊராட்சி அலுவலகத்திலும் ஆட்சியர் அலுவலகத்திலும் பார்வைக்கு வைக்க வேண்டும், வாரியத்தின் இணையதளத்திலும் ஏற்ற வேண்டும். உங்கள் நோட்டோடு ஒப்பிட்டுப் பாருங்கள். விட்டுப் போனதை நேரடியாக அந்த அமைப்புக்கே எழுதலாம்.

அனுமதி கிடைத்துவிட்டால் இன்னொரு விளம்பரம் வரும். இதைக் கொடுப்பது நிறுவனம். பெரிய திட்டங்களுக்கு, திட்டம் அமையும் மாவட்டத்தின் அல்லது மாநிலத்தின் உள்ளூர் நாளிதழ்கள் இரண்டில் வெளியிட வேண்டும் என்று இங்கே எழுதியிருக்கிறார்கள். அனுமதி கொடுத்த பிறகு தெரிவிப்பதற்கு உள்ளூர் நாளிதழ் என்று எழுதத் தெரிந்தவர்கள், கருத்துக் கேட்பதற்கு முன் தெரிவிக்கும் விதியில் அதைச் சேர்க்கவில்லை. அந்தச் சொல்லை மறுபடி சேர்க்கச் சொல்லி நம் நாடாளுமன்ற உறுப்பினர்களுக்கு எழுத வேண்டும், நான் எழுதியிருக்கிறேன்.

இந்த இரண்டாவது விளம்பரம் வெளியாகும் நாளையும் அதே நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள். தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தில் மேல்முறையீடு செய்ய அனுமதி தெரியவந்த நாளிலிருந்து 30 நாள். தக்க காரணம் காட்டினால் மேலும் 60 நாள் வரை ஏற்கலாம். அதைத் தாண்டினால் தீர்ப்பாயமே நினைத்தாலும் எடுக்க முடியாது. நமக்கான தென்மண்டல அமர்வு சென்னையில் இருக்கிறது. போகும்போது வக்கீல் முதலில் கேட்கப்போவது, கூட்ட அறிவிப்பு வந்த பேப்பரையும் உங்கள் ஊருக்கு வந்த அதே தேதிப் பேப்பரையும்தான். இரண்டையும் மடிக்காமல் ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டு எடுத்துப் போங்கள்.